பந்தெறியப் போன பிள்ளைகள்

கொடைக்கானலுக்கு வடக்கே சில மைல் தூரத்தில், பழனி மலைத் தொடரின் சரிவிலே, வில்பட்டி என்ற கிராமம் இருக்கிறது. படிப்படியாக வெட்டி அமைத்த நிலங்களில் உருளைக்கிழங்கும், காரட்டும், பீன்ஸும், பூண்டும் அங்கே விளைகின்றன. இந்த மலைப் பூண்டுக்கு 2019-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு என்னும் கௌரவம் கிடைத்தது. அதே வருஷத்தில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் அது கிடைத்தது.

மலையில் பயிர் செய்கிறவனுக்கு மழை ஒரு கவலை. விலங்கு இன்னொரு கவலை. காட்டு மாடும் காட்டுப் பன்றியும் குரங்கும் உழைப்பின் பலனைத் தங்கள் பங்குக்கு எடுத்துக்கொள்ளத் தயங்குவதில்லை. ஆகையால் மலை நாட்டில் கல்லெறிவது விளையாட்டு மட்டுமல்ல, காவலும் ஆகும். குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரண் மீது நின்று தினைப்புனம் காத்ததையும், கவணில் கல் வைத்துக் கிளிகளை ஓட்டியதையும் நம் பழைய நூல்கள் சொல்லுகின்றன. பழனியாண்டவனுடைய தேவியான வள்ளியம்மையே அந்த உத்தியோகம் பார்த்தவள்தானே!

அப்படிப்பட்ட மலையில், குறி தவறாமல் கல்லெறிகிற ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கோட்டும் சூட்டும் அணிந்த ஒரு கனவான் வந்து, "அம்மா, உங்கள் பிள்ளையின் கைக்கு லட்சம் டாலர் விலை உண்டு, அமெரிக்காவுக்கு அனுப்புகிறீர்களா?" என்று கேட்டால் அவன் தாயார் என்ன நினைப்பாள்? பையன் எங்கேயோ கண்ணாடி ஜன்னலை உடைத்துவிட்டான், அபராதம் வசூலிக்க ஆள் வந்திருக்கிறது என்றுதான் நினைப்பாள்.

ஆனால் வடநாட்டில் இரண்டு வாலிபர்களின் வீட்டில் மெய்யாகவே இந்த அதிசயம் நடந்தது. அவர்கள் போனார்கள், பயின்றார்கள், ஒருவர் இரண்டு வருஷத்தில் திரும்பினார். ஆட்டம் பயில்வதற்காகப் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்புவது உலகத்தில் நாளுக்கு நாள் பெருகி வருகிறது. அங்கே அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், பந்தைத் தவிர வேறு எதைக் கற்கிறார்கள், தேறாதவன் திரும்பி வரும்போது அவன் கையில் என்ன இருக்கிறது என்பனவற்றை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

பேஸ்பால் என்னும் ஆட்டம்

அமெரிக்கர்களுக்குப் பேஸ்பால், நமக்குக் கிரிக்கெட்டைப் போல. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்து எறிகிறவர் ஒரு சிறு மேட்டின் மீது நிற்கிறார். மட்டைக்காரர் நிற்குமிடம் அங்கிருந்து அறுபது அடி ஆறு அங்குல தூரம். பந்து தரையில் பட்டு எழும்பக் கூடாது. நேரே பறந்து செல்லவேண்டும். மட்டைக்காரரின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜன்னல் இருப்பதாகப் பாவனை. அந்த ஜன்னலுக்குள் பந்து புகுந்தால் எறிந்தவருக்கு லாபம். மூன்று முறை இவ்விதம் ஏமாந்தால் மட்டைக்காரர் வெளியேற வேண்டியதுதான்.

கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவர் முழங்கையை மடக்கி நீட்டி எறிந்தால் நடுவர் கையைத் தூக்கிவிடுவார். பேஸ்பாலில் அந்தத் தடை இல்லை. கல்லெறிவது போலவே எறியலாம். எறிகிற பலம் உள்ள எவனும், பேஸ்பாலை முன்பின் பார்த்திராவிட்டாலும், அதற்குத் தகுதியுள்ளவன் ஆகலாம் என்று அமெரிக்கர் சிலருக்கு யோசனை தோன்றியது இதனால்தான்.

காசிப் பக்கத்திலிருந்து கலிபோர்னியாவுக்கு

ஜே. பி. பெர்ன்ஸ்டீன் என்பவர் விளையாட்டு வீரர்களுக்குக் காரியதரிசியாக இருந்து ஒப்பந்தங்கள் பேசி முடிப்பவர். நூறு கோடி ஜனங்கள் உள்ள இந்தியாவில் ஒரு நல்ல எறிகை இல்லாமலா போகும் என்று அவர் எண்ணினார். 2007-2008-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற பெயரில் பந்தெறியும் போட்டியொன்றை இந்திய நகரங்களில் நடத்தினார். சுமார் முப்பத்தேழாயிரம் பேர் வந்து எறிந்து பார்த்தார்கள். முதலில் வந்தவர் ரிங்கு சிங். மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து லட்சம் டாலர் பரிசு பெற்றார். அந்நாளைய கணக்கில் அது ஏறக்குறைய நாற்பது லட்சம் ரூபாய். அவருடன் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தினேஷ் பட்டேல்.

இருவரும் உத்தரப் பிரதேசத்தில், காசி நகரை அடுத்த கிராமப் பகுதிகளில் பிறந்தவர்கள். ரிங்கு சிங்கின் தகப்பனார் லாரி ஓட்டுகிறவர். குழந்தைகள் ஒன்பது பேர். இருவரும் லக்னோவிலுள்ள விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டியெறியப் பழகி வந்தவர்கள். பேஸ்பால் என்ற வார்த்தை அதுவரையில் அவர்கள் வாழ்க்கையில் நுழைந்ததில்லை.

2008-ம் வருஷம் மே மாதத்தில் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலையின் மைதானத்தில் டாம் ஹவுஸ் என்பவர் அவர்களுக்குக் குருவானார். அவர் பழைய பேஸ்பால் வீரர். உளவியலில் டாக்டர் பட்டமும் பெற்றவர். ஈட்டியெறிகிறவன் ஓடி வந்து எறிவான். பேஸ்பாலில் நின்ற இடத்திலிருந்தே ஒரு காலைத் தூக்கி எறியவேண்டும். உடம்பு பல வருஷங்களாகப் பழகிய பழக்கத்தை மறக்கவேண்டும். புதியதைப் பற்றிக்கொள்ள வேண்டும். அதோடு, தோல் உறையை மாட்டிக்கொண்டு பந்து பிடிக்கக் கற்கவேண்டும். ஆட்ட விதிகளைக் கற்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் முந்தி, குரு சொல்லுகிற பாஷையையே கற்கவேண்டும்!

பெர்ன்ஸ்டீனின் வீட்டிலேயே தங்கிக்கொண்டு, தினந்தோறும் ஆங்கிலம் படித்தார்கள். டெலிவிஷன் பார்த்து வார்த்தைகளைச் சேகரித்தார்கள். வந்து ஆறு மாதம் ஆவதற்குள், நவம்பர் மாதத்தில், அரிஸோனாவில் பல குழுக்களின் பரிசோதகர்கள் முன்னிலையில் எறிந்து காட்டினார்கள். அதே மாதம் 24-ந் தேதி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற குழு இருவரோடும் ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்கப் பெரிய பேஸ்பால் குழு ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் இந்தியர்கள் இவர்கள்தான். ப்ளோரிடா மாகாணத்தில் பிராடன்டன் என்னும் ஊரிலுள்ள பயிற்சி நிலையத்துக்குப் போய், மற்ற வாலிபர்களோடு தங்கிப் பயின்றார்கள். 2009 ஜூலையில் ரிங்கு சிங் பந்தெறிந்து தம் குழுவுக்கு ஒரு வெற்றி தேடித் தந்தார்.

இந்தக் கதையை 2014-ல் ஹாலிவுட்டில் படமாக எடுத்தார்கள். சங்கீதம் அமைத்தவர் நம் ஏ. ஆர். ரஹ்மான். ஒப்பந்தம் கையெழுத்தாவதோடு சினிமா முடிந்துவிடலாம். எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் வாழ்க்கைக்கு அந்த வசதி கிடையாது. மறுநாள் பொழுது விடிந்து விடுகிறது.

2010 டிசம்பரில் தினேஷ் பட்டேலைக் குழு விடுவித்தது. அவர் ஊர் திரும்பி, விட்ட படிப்பை மறுபடி தொடங்கினார், ஈட்டியையும் கையிலெடுத்தார். ரிங்கு சிங் இன்னும் சில வருஷம் நிலைத்தார். பிறகு முழங்கையில் காயம் ஏற்பட்டு ரண சிகிச்சை செய்துகொள்ளும்படியாயிற்று. கடைசி வரையில் பெரிய குழுவின் ஆட்டத்தில் அவர் இறங்கவில்லை. 2018-ல் பேஸ்பாலை விட்டு, அமெரிக்காவில் டெலிவிஷனுக்காக நடத்தும் மல்யுத்த மேடைக்குப் போய், பிற்பாடு வீர் மகான் என்ற பெயரில் பிரசித்தி பெற்றார்.

இவர்களை யாரும் தோற்றவர்கள் என்று சொல்லக்கூடாது. முப்பத்தேழாயிரம் பேரில் இருவராக வந்தவர்கள், தெரியாத ஆட்டத்தை ஆறு மாதத்தில் கற்றவர்கள். ஆயினும் அவர்களுடைய கதை ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. கைக்கு வரும் புகழ் சில வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகும் ஐம்பது வருஷம் வாழவேண்டியிருக்கிறது.

சர்க்கரை நாட்டின் பள்ளிகள்

இருவர் கதையை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இதே வழியில் போகும் தேசம் ஒன்று உண்டு. அதன் பெயர் டொமினிகன் குடியரசு. கரீபியன் கடலில் ஒரு தீவை ஹெயிட்டியோடு பங்கிட்டுக்கொண்டிருக்கும் நாடு. ஜனத்தொகை சுமார் ஒரு கோடி. கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் வெகு காலமாக அதன் ஜீவனம். பால் அட்டைப் பெட்டியை மடித்துக் கையுறை செய்துகொண்டும், கழியை மட்டையாக்கியும், பந்துக்குப் பதில் ஆரஞ்சுப் பழத்தை எறிந்தும் அங்கே ஏழைப் பிள்ளைகள் ஆடியிருக்கிறார்கள். நம் ஊரில் தென்னை மட்டையால் கிரிக்கெட் ஆடுகிற பையனுக்கு அவர்கள் அண்ணன் தம்பி முறைதான்.

அமெரிக்காவிலும் கனடாவிலுமாக மொத்தம் 30 பெரிய பேஸ்பால் குழுக்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் இந்தச் சிறு தேசத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் குழுவார் 1987-ல் நிறுவிய 'காம்போ லாஸ் பால்மாஸ்' என்ற பள்ளி இவற்றில் புகழ்பெற்றது. கியூபாவில் பிறந்த ரால்ப் அவிலா அதற்கு மூலபுருஷர். பெத்ரோ மார்ட்டினெஸ், அட்ரியன் பெல்ட்ரே போன்ற மகா வீரர்கள் அங்கே பயின்றவர்கள். இப்போது ஒவ்வொரு வருஷமும் அமெரிக்காவில் ஆட்டப் பருவம் தொடங்கும் நாளில் பெரிய குழுக்களில் இருக்கும் டொமினிகன் வீரர்கள் ஏறக்குறைய நூறு பேர். ஒரு கோடி ஜனங்களுக்கு இது பெரிய தொகை அல்லவா?

பதினாறு வயதானால் ஒப்பந்தம் செய்யலாம் என்பது விதி. ஒப்பந்தமானவுடன் பையன் பள்ளியில் வந்து தங்குகிறான். அங்கே அவனுடைய நாள் எப்படிக் கழிகிறது என்று பார்ப்போம்.

சூரியோதயத்தோடு எழுந்திருக்கிறான். வயிறு நிறையக் காலை ஆகாரம். பல பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் தவறாத சாப்பாடு கிடைப்பது முதன் முதலாக இங்கேதான். சோறும், அவரை வகைப் பயறும், இறைச்சியும் அந்த நாட்டின் தினசரி ஆகாரம். பள்ளியில் அதோடு பாலும் பழமும் சேருகின்றன. பிறகு மைதானம். எறிதல், பிடித்தல், ஓடுதல், அடித்தல் ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனி உபாத்தியாயர். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் பயிற்சியோ பந்தயமோ முடியும். மத்தியானம் ஓய்வும் தேகப் பயிற்சியும். மாலையில் வகுப்பு. கோடைக்காலத்தில் இந்தப் பள்ளிகள் தங்களுக்குள்ளேயே பந்தயங்கள் நடத்துகின்றன. 1985 முதல் அதற்கென்று ஒரு தனிப் போட்டி அமைப்பு இருக்கிறது.

வகுப்பில் முதல் பாடம் ஆங்கிலம். அது வெறும் இலக்கணம் அல்ல. உயரப் போன பந்தை இருவர் ஒரே சமயத்தில் துரத்தினால், "நான் பிடிக்கிறேன்" என்று யாராவது கூவவேண்டும். எந்தப் பாஷையில் கூவுவது என்று யோசித்துக்கொண்டு நின்றால் இரண்டு மண்டைகள் மோதிக்கொள்ளும்! ஆகையால் மைதானத்து ஆங்கிலம் முதலில். அடுத்தபடி ஹோட்டலில் உணவு கேட்பது, பாங்கியில் கணக்கு வைப்பது, விமான நிலையத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்வது. சில குழுக்கள் இதோடு நிற்காமல், பாதியில் விட்ட உயர்தரப் படிப்பை முடித்துச் சான்றிதழ் பெறவும் ஏற்பாடு செய்திருக்கின்றன.

பாஷை தெரியாதவனுக்கு நேரும் அவமானம் இலேசானதல்ல. போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து 1955-ல் பிட்ஸ்பர்க் குழுவுக்கு ஆட வந்தார் ராபர்ட்டோ கிளெமெண்டே. அவருடைய ஆங்கில உச்சரிப்பைப் பத்திரிகைகள் அப்படியே எழுத்துக்கூட்டி அச்சிட்டுப் பரிகாசம் செய்தன. அவர் தலை குனியவில்லை. மூவாயிரம் முறை பந்தை வெற்றிகரமாக அடித்த சிலருள் ஒருவராக உயர்ந்தார். 1972 டிசம்பர் 31-ந் தேதி, நிகராகுவா நாட்டில் பூகம்பத்தால் கஷ்டப்பட்டவர்களுக்கு உதவிச் சாமான்கள் கொண்டு போகையில் விமான விபத்தில் உயிர் துறந்தார். பரிகாசம் செய்தவர்களின் பெயர் இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

ஏணியில் எத்தனை படி?

பழனி மலைக்கு அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று படிகள் என்பார்கள். மூச்சு வாங்கினாலும், உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாலும், ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் உச்சியில் தரிசனம் உண்டு. பேஸ்பால் ஏணியில் படிகள் ஆறேழுதான். தீவுப் பள்ளி முதல் படி. அமெரிக்காவில் கீழ்த்தரக் குழுக்கள் நடுப் படிகள். பெரிய குழு உச்சி. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒருவர் நின்றுகொண்டு, "நீ வா, நீ போ" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நூறு பிள்ளைகள் கிளம்பினால் உச்சியை எட்டுகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. பலர் இருபது, இருபத்தொரு வயதில் வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

அப்படித் திரும்புகிறவன் படிப்பை விட்டது எப்போது? பள்ளியில் சேர்ந்த பதினாறாவது வயதில் என்று நினைக்கிறோம். உண்மையில் அநேகம் பேர் அதற்கும் முன்பே, பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே பாட புஸ்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஏனென்றால் அந்த நாட்டில் 'புஸ்கோன்' என்று ஒரு வகைத் தரகர் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே தேடிப் பிடித்து, சோறு போட்டு, பயிற்சி கொடுத்து, குழுக்களிடம் காட்டி, கிடைக்கும் முன்பணத்தில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வது அவர்கள் தொழில். அவர்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள்; பெற்ற பிள்ளையைப்போல் வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பையன் பள்ளிக்கூடத்தில் கழிக்கும் ஒவ்வொரு மணியும் தரகருக்கு நஷ்டம் என்ற ஏற்பாட்டில் கோளாறு இருக்கத்தானே செய்யும்?

இளையவனுக்கு விலை அதிகம், வயது ஏற ஏற விலை இறங்கும் என்பது இந்தச் சந்தையின் விதி. ஆகவே பொய்யும் கூடவே வந்தது. 2006-ல் வாஷிங்டன் குழு, பதினாறு வயது என்று நம்பி ஒரு பையனுக்குப் பதினான்கு லட்சம் டாலர் கொடுத்தது. 2009-ல் உண்மை வெளிவந்தது. பெயரும் பொய், வயதும் நான்கு கூடுதல். இதைப் படித்து நாம் சிரிக்க வேண்டியதில்லை. நம் நாட்டிலும் பள்ளிப் பந்தயங்களில் வயதைக் குறைத்துக் காட்டும் வித்தை அறியாதது அல்ல. பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டு, நேர்மையாக ஆடு என்றால் அவன் எப்படி ஆடுவான்?

இன்னொரு அபாயம் முழங்கையில் இருக்கிறது. பந்தை வேகமாக எறியும்போது முழங்கையின் உள்பக்கத்திலுள்ள ஒரு சிறு தசைநார், தாங்கக்கூடிய அளவின் எல்லை வரையில் இழுபடுகிறது. ஓயாமல் எறிந்தால் கயிறு நைவது போல் நைந்து, ஒரு நாள் அறுகிறது. 1974-ல் டாக்டர் பிராங்க் ஜோப் என்பவர், டாமி ஜான் என்ற வீரருக்கு உடம்பின் வேறு இடத்திலிருந்து நாரை எடுத்து அங்கே வைத்துத் தைத்தார். அது முதல் அந்தச் சிகிச்சைக்கு அந்த வீரரின் பெயரே வழங்குகிறது. தேறுவதற்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம்.

வளரும் பிள்ளைகளுக்கு இது வராமல் காப்பதற்காக 2014-ல் அமெரிக்காவில் அளவுகள் வகுத்தார்கள். ஒன்பது பத்து வயதுப் பையன் ஒரு நாளைக்கு 75 முறைக்கு மேல் எறியக்கூடாது; பதினேழு பதினெட்டு வயதுக்காரன்கூட 105-க்கு மேல் கூடாது. எறிந்த கணக்கைப் பொறுத்துச் சில நாள் ஓய்வும் கட்டாயம். நம் ஊர்களில் கிரிக்கெட் பழகுகிற சிறுவர்களின் பெற்றோரும் இதைக் கவனிப்பது நல்லது. "என் பிள்ளை காலை முதல் மாலை வரை வீசுவான்" என்பது பெருமைப்பட வேண்டிய விஷயம் அல்ல.

நம் பட்டணத்தில் நடந்தது

வெளிநாட்டைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. பிறர் கடல் கடந்து நம்மிடம் பயில வந்ததும் உண்டு.

1987-ல் சென்னையில் எம்.ஆர்.எப். கம்பெனியார் வேகப் பந்து வீச்சுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அதற்குக் குருவாக வந்தார். இடம், சேத்துப்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்து மைதானம். ஜவகல் ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத் முதலிய நம் வீரர்கள் அங்கே பட்டை தீட்டப்பட்டார்கள். இலங்கையின் சமிந்தா வாஸும், ஆஸ்திரேலியாவின் கிளென் மக்ராத்தும் வந்து பயின்றார்கள். அந்த மக்ராத்தே 2012-ல் லில்லிக்குப் பிறகு அங்கே குருவானார்! சென்னை வெயிலில் வியர்வை சிந்திய சிஷ்யர் அதே வெயிலில் ஆசிரியராக நின்றது அழகான காட்சி.

அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1985-ல், பிரிட்டானியா கம்பெனியின் ஆதரவில் அமிர்தராஜ் குடும்பத்தார் சென்னையிலேயே டென்னிஸ் பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்தினார்கள். கல்கத்தாவிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையனாக வந்து சேர்ந்தார் லியாண்டர் பயஸ். 1990-ல் விம்பிள்டனில் சிறுவர் பட்டம் பெற்றார். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்றார். 1952-க்குப் பிறகு தனி நபர் ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். சென்னையில் பயின்ற காலத்தில் அவர் சென்னைப் பள்ளிக்கூடத்துக்கும் போய்க்கொண்டிருந்தார் என்பதை நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். ராக்கெட் வந்ததற்காகப் புஸ்தகப் பை வீட்டைவிட்டு வெளியேறவில்லை.

வில்பட்டிக்கு அருகிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. கொடைக்கானல் ஏரிக்கு அருகே 1901-ம் வருஷத்தில் அமெரிக்கப் பாதிரிமார்கள் தங்கள் குழந்தைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி ஏற்படுத்தினார்கள். இன்று அது கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி என்று பெயர் பெற்றிருக்கிறது. அதை ஏன் ஏற்படுத்தினார்கள்? படிப்புக்காகப் பிஞ்சுக் குழந்தைகளைக் கடல் கடந்து அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு வருஷக்கணக்காகப் பிரிந்திருக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. பெற்றோர் எட்டிப் பார்க்கக்கூடிய தூரத்தில், தங்கள் நாட்டுக் கல்விக்குக் குறைவில்லாத கல்வியை இந்த மலைமேலேயே கொண்டுவந்து வைத்தார்கள். குழந்தையை நல்ல குருவிடம் அனுப்புவது ஒரு வழி. நல்ல குருவைக் குழந்தை இருக்குமிடத்துக்கு அழைத்து வருவது மற்றொரு வழி. சேத்துப்பட்டில் லில்லியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் இந்த இரண்டாவது வழிதான்.

அனுப்பு முன் கேட்கவேண்டியவை

இரண்டாவது வழி எல்லா ஆட்டத்துக்கும், எல்லா ஊருக்கும் உடனே வந்துவிடாது. ஆகவே அயல்நாட்டு அழைப்பு வந்தால் ஏற்கவே கூடாது என்று சொல்வது பேதைமை. பிள்ளைக்குத் திறமை இருந்து, ஆசையும் அவனுடையதாகவே இருந்தால், தாராளமாக அனுப்பலாம். ஆனால் கையெழுத்துப் போடுமுன் சில கேள்விகளை வெட்கப்படாமல் கேட்கவேண்டும். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது மூன்று தலைமுறை விசாரிக்கிற நாம், பிள்ளையைச் சமுத்திரத்துக்கு அப்பால் அனுப்பும்போது மூன்று கேள்வியாவது கேட்கவேண்டாமா?

முதல் கேள்வி: தினம் எத்தனை மணி நேரம் படிப்பு? எந்தப் பரீட்சைக்கு? அந்தச் சான்றிதழ் நம் நாட்டில் செல்லுமா? "படிப்பும் உண்டு" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. கால அட்டவணையையே வாங்கிப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது: பையனுக்குக் காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது? அவன் ஆட முடியாத மாதங்களில் எங்கே தங்குவான், யார் கவனிப்பார்கள்?

மூன்றாவது: நடுவில் பணம் வாங்குகிறவர்கள் யார் யார், எவ்வளவு? எழுத்தில் இல்லாத பங்கு எதையும் ஒப்புக்கொள்ளலாகாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றுண்டு. அந்தப் பள்ளியின் வரவேற்பு அறையில் புகழ்பெற்ற வீரர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். அவற்றைப் பார்த்து மயங்காமல், "படம் மாட்டப்படாத பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும். பள்ளியின் பெருமை உச்சிக்கு ஏறிய ஒருவனால் தெரிவதில்லை. ஏறாமல் திரும்பிய தொண்ணூற்றொன்பது பேரும் தலை நிமிர்ந்து வாழ்கிறார்களா என்பதில்தான் தெரிகிறது. ஒருவனை வீரனாக்குவதற்குத் திறமையும் அதிர்ஷ்டமும் சேரவேண்டும். நூறு பேரை மனிதர்களாக்குவதற்கு அதிர்ஷ்டம் வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களின் மனச்சாட்சி போதும்.

பழனி மலையில் நீலக் குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கிறது. 2018-ல் பூத்தது, இனி 2030-ல் பூக்கவேண்டும். பதினாறு வயதில் பந்தெறியப் போகிற பையனுடைய ஆட்ட வாழ்வு, பெரும்பாலும் ஒரு குறிஞ்சிக்கும் மறு குறிஞ்சிக்கும் இடையிலேயே முடிந்துவிடும். ரிங்கு சிங்கின் பேஸ்பால் வாழ்வும் அந்த இடைவெளிக்குள் அடங்கியதே. அதற்குப் பிறகும் அவன் வாழ்நாளில் நாலைந்து குறிஞ்சிகள் பூக்கும். அந்தக் காலத்துக்கெல்லாம் வேண்டிய சோற்றையும், அறிவையும், தன்மதிப்பையும் அவனுக்குக் கொடுத்து அனுப்புகிற பள்ளி எதுவோ, அது கடலுக்கு அப்பால் இருந்தாலும் சரி, மலைக்குக் கீழே இருந்தாலும் சரி, நம் பிள்ளையை நம்பி ஒப்படைக்கத் தகுந்த பள்ளி அதுதான்.